வேற வீடு பார்த்துத் தர்றோம்

இரண்டு மாதங்களுக்கு முன்பு, நான் குடியிருக்கும் வீட்டை விற்பதற்கு ஒரு பெண் வந்தாள். வீடு என்னுடையது இல்லை. பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு முதல் மாடியில் இருபது வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன், அவ்வளவுதான். வந்தவள் பெயர் பவித்ரா. திருப்பத்தூர்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், ஏதோ ஓர் ஆப் கம்பெனியில் வீடு விற்கும் வேலை. கையில் டார்ச் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். சுவரைப் பார்த்து நீட்டினால் அறையின் நீளமும் அகலமும் தானாக வந்துவிடுகின்றன. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையை, நான் சாப்பிடும்போதே அளந்து முடித்தாள். வாசல் வரைக்கும் போனவள் ஏதோ ஞாபகம் வந்தவள்போலத் திரும்பி, "கவலைப்படாதீங்க அங்கிள், உங்களுக்கு வேற வீடு பார்த்துத் தர்றோம்" என்றாள்.

எனக்குப் புரையேறிவிட்டது. அந்த வாக்கியம் என்னுடையது. முப்பத்தாறு வருஷம் இந்த ஊரில் வீட்டு புரோக்கராக இருந்தேன். காக்ஸ் டவுனிலும் தொம்மலூரிலும் தமிழில், கன்னடத்தில், அரைகுறை உருதுவில், அதைவிட அரைகுறை ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தை எத்தனை வாசல்களில் நின்று சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாசல் வரை போய்த் திரும்புவதுகூட அப்படியே இருந்தது. யாரிடம் கற்றாளோ!

நானும் அந்தத் தொழில்தான் என்று சொன்னதும் பவித்ராவுக்கு ஒரே உற்சாகம். "ஆப், போட்டோ ஒண்ணும் இல்லாம எப்படி அங்கிள் வித்தீங்க? எழுதிக் குடுங்களேன், எங்க டீம் குரூப்ல போடுறேன்" என்றாள். எழுதிவிட்டேன். இதை அவள் குரூப்பில் போடுவாளா என்பது அவள் இஷ்டம்.

நான் தொழிலுக்கு வந்த கதை சின்னது. பி.யூ.சி. தேறவில்லை. போர்டு எழுதும் கடையில் சேர்ந்து, 'வீடு வாடகைக்கு' என்று மூன்று மொழிகளில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த போர்டுகளை வாங்க வரும் கெம்பண்ணா, எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகிறது என்று தனக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்து, பெயின்ட் டப்பாவை வைத்துவிட்டு வா என்று கூப்பிட்டார். போனேன். பயிற்சி அவ்வளவுதான்.

கெம்பண்ணா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப். தாய்மொழி கன்னடம், எங்களிடம் பேசுவது தமிழ்போல இருக்கும். காலி வீட்டை யார் வேண்டுமானாலும் விற்கலாம், ஆள் குடியிருக்கும் வீட்டை விற்பதுதான் வேலை என்பார். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாங்குகிறவரைக் கூட்டிப் போவதற்கு முன்பு, குடியிருப்பவரை நாம் மட்டும் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குள் செருப்பு போட்டிருந்தாலும் நாம் வெளியே கழற்ற வேண்டும். தண்ணீர் கேட்க வேண்டும். கொடுத்ததை முழுக்கக் குடிக்க வேண்டும். கூரையை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. சொந்த ஊர், பிள்ளைகள் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கிளம்பி, வாசலுக்குப் போய், அப்புறம்தான் ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி, ஓனர் வீட்டை விற்கிறார் என்ற சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். அதே மூச்சில் "பேரே மனே நோடி கொட்தீவி", அதாவது வேறு வீடு பார்த்துத் தருகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட்டால் அழுதுவிடுவார்கள் என்பார்.

இன்னொரு கட்டளையும் உண்டு. குடியிருப்பவரின் பொருள் எதையும் தொடக் கூடாது. நாற்காலியை நகர்த்தக் கூடாது, கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்கக் கூடாது. "நாம விக்கிறது ஓனர் மனே, தனசேகரா. உள்ளே இருக்கறது அவங்க மனே" என்பார். இதில் மட்டும் அவர் ஒருநாளும் சறுக்கியதில்லை.

ஒருமுறை கேட்டேன்: "அண்ணா, நெஜமாவே வேற வீடு பார்த்துத் தருவோமா?"

"பாப்போம். சிக்கிதரே குடுப்போம்" என்றார். கிடைத்தால் கொடுப்போம் என்று அர்த்தம். தேடினால்தானே கிடைக்கும்? நாங்கள் தேடியதில்லை. வீடு கைமாறும் நேரத்தில் அவர்களே அலைந்து எங்கேயாவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகும்போது எங்களுக்கு நன்றி வேறு சொல்வார்கள்.

ஜெயமணி டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். காக்ஸ் டவுனில் மங்களூர் ஓடு போட்ட ஒரு பழைய வீடு. அதில் அவர் இருபத்தேழு வருஷமாக வாடகைக்கு இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எழுபத்துநான்கு வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளியிருந்த சர்ச்சுக்குத் தடி ஊன்றித் தினமும் நடந்து போய்விடுவார். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு வரும். அந்த வீடும் அந்த இரண்டு தெருவும்தான் அவருடைய உலகம். வீட்டுக்காரர் காலமானதும், மெல்போர்னில் இருந்த மகன் ரஞ்சித், விற்றுவிடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டான்.

முறைப்படி போனேன். செருப்பைக் கழற்றினேன், தண்ணீர் குடித்தேன், வாசலில் திரும்பினேன், ஒரே மூச்சில் சொன்னேன். டீச்சர் அழவில்லை. "வேற வீடு பார்த்துத் தருவீங்களா? ரொம்ப நல்லது, இருங்க" என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்தில் பேனாவால் எழுதினார்: 'தனசேகர். வேறு வீடு. தரைத்தளம். சர்ச்சுக்கு நடக்கிற தூரம்.' எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். என் தொழில் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை யாரும் அதுவரை எழுதி வைத்ததில்லை.

முதலில் வந்த பார்ட்டி ஒரு பேங்க் ஆபீசரும் அவர் மனைவியும். டீச்சர் அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, "முதல்ல அந்தச் சுவரைப் பாருங்க" என்றார். "மழை பேஞ்சா அங்கே தண்ணி இறங்கும். ரெண்டு பக்கெட் வெக்கணும். பெருசு இங்கே, சின்னது சமையல்கட்டுல." பின்பக்கக் கதவில் கரையான் இருப்பதையும், கிழக்குச் சுவரின் விரிசலையும் தடியால் தொட்டுக் காட்டினார். அவர்கள் இருவரும் மனதார நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அப்படிச் சொல்லக் கூடாது, திரும்பி வந்தார்கள்: மகளை டீச்சரிடம் கணக்கு டியூஷனில் சேர்க்க.

அடுத்து வந்த பார்ட்டிகளுக்கும் இதே கதிதான். நான் கெஞ்சினேன்.

"டீச்சர், வீட்டைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! நல்லா காத்து வரும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஜன்னல் மூடாதுன்னும் சொன்னேன்."

வீடு விற்கக் கூடாது என்று வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ரஞ்சித்தும் போனில் அப்படித்தான் கத்தினான். ஒருநாள் அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். டீச்சருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "விக்கட்டுமே. நான் ஏன் தடுக்கப் போறேன்? குடிவர்றவங்க தெரிஞ்சு குடிவரணும் இல்லியா? இத்தனை வருஷம் இருந்தவ நான். நான் சொல்லலேன்னா யார் சொல்லுவா?" என்றார். எனக்கு எரிச்சல்தான் இருந்தது.

கடைசியில் கெம்பண்ணாவே கிளம்பினார். அவர் முறையை அவரே செய்து பார்ப்பது எங்களுக்கு ஒரு காட்சி. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். தண்ணீரை உதடு படாமல் தூக்கிக் குடித்து, சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அரை மணி நேரம் சர்ச் பாட்டுக் குழு, பெங்களூர்க் குளிர், முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்றே பேசினார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்ததும், "ஞாயித்துக்கிழமை பெளிக்கே, காலையில, சர்ச்சுக்குப் போவாங்க. பார்ட்டியை அப்போ கூட்டிட்டு வா. சாவி கேட்டு வாங்கு" என்றார். டீச்சர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். எனக்கு வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கெம்பண்ணாவும் ஒரு பார்ட்டியோடு கதவைத் திறந்தோம். ஒழுகும் சுவரில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், கரும்பலகையில் எழுதும் அந்த முத்து எழுத்தில்: 'மழைக்காலத்தில் இந்த இடத்தில் ஒழுகும்.' பின்பக்கக் கதவில் ஒன்று, கிழக்குச் சுவரில் ஒன்று, ஜன்னலில் ஒன்று. மேஜைமேல் பிளாஸ்கில் காபி, மூடி வைத்த டம்ளர்கள்.

தாளைக் கிழிக்க நான் கை நீட்டினேன். கெம்பண்ணா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "முட்டபேடா. அவங்க சாமான்" என்றார். தொடாதே என்று சொன்னவர், அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பார்ட்டி ஒவ்வொரு தாளாகப் படித்துக்கொண்டே போக, அவர் சொன்னார்: "நம்ம ஆபீஸ்ல இந்தம்மாவை வெச்சிருந்தா, நாம இத்தனை பொய் சொல்லியிருக்க வேண்டாம் தனசேகரா."

அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் குறைந்து இடம் பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். செப்டம்பர் வாக்கில் ஒரு பில்டர் வந்தார். வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் வரவே இல்லை. தெருவில் நின்றபடி, "ரோடு எத்தனை அடி?" என்று கேட்டார். முப்பது என்றேன். டீச்சர் காபித் தட்டோடு, தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"சார், கூரை ஒழுகும்."

"பரவால்லம்மா."

"கிழக்குச் சுவர்ல விரிசல் இருக்கு."

"இருக்கட்டும்மா."

"கதவெல்லாம் கரையான்."

"எல்லாத்தையும் இடிக்கத்தானேம்மா போறோம்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. காபியை வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

கார் போன பிறகு டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ இந்த வீட்டுக்கு என்ன குறைன்னு இனிமே யாருக்கும் தெரியவே வேண்டாமா?" அப்போதுதான் அந்த அம்மாவின் முகத்தில் முதல்முறையாக பயத்தைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழெட்டு மாதமாக விற்க முடியாத வீட்டை விற்றாகிவிட்டது, ரஞ்சித் போனில் என்னைப் பாராட்டுகிறான், எனக்கோ தலை நிமிரவில்லை.

"டிசம்பருக்குள்ள காலி பண்ணணும் டீச்சர்" என்றேன்.

"சரி. வேற வீடு பார்த்துத் தர்றேன்னு சொன்னீங்க" என்றார். காலண்டரைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

தேடினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகக் குடியிருந்தவர் ஒருவருக்காக உண்மையாகவே வீடு தேடினேன். காக்ஸ் டவுனில் எனக்குத் தெரியாத ஓனர் கிடையாது. எல்லாரும் "உனக்கு இல்லாததா தனசேகர்" என்று ஆரம்பிப்பார்கள். எழுபத்துநான்கு வயது, தனியாக இருக்கிறவர் என்றதும் குரல் மாறிவிடும். "தப்பா நினைக்காதே. நாளைக்கு வீட்டுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? அப்புறம் அந்த வீட்டுக்கு யார் குடிவருவா?" இதே ஓனர்களுக்காக இதே சாக்கை நானே எத்தனையோ பேரிடம் நாசூக்காகச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே டீச்சருக்குப் பாடம் எடுத்தேன். வயசு கேட்டால் அறுபத்திரண்டு. அண்ணன் மகன் கூடவே இருப்பான். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, தடியை ஆட்டோவிலேயே விட்டுவிட வேண்டும். கேட்டுக்கொண்டார். தடியை மட்டும் விடமாட்டேன் என்றார்.

சர்ச்சுக்குப் பின்தெருவில் அருமையான வீடு. தரைத்தளம், முன்னால் ஒரு செம்பருத்திச் செடி. வீட்டுக்கார அம்மாள் அன்பாகத்தான் பேசினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. "உங்களுக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்கும் வரைக்கும்.

"எழுபத்தி நாலு. மூட்டு வலி உண்டு. தனியாத்தான் இருக்கேன். நான் செத்துப்போனா வேலூர்லேர்ந்து அண்ணன் மகன் வந்து பார்த்துக்குவான். அவன் போன் நம்பர் எழுதித் தர்றேன்" என்றார் டீச்சர்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்றார் அந்த அம்மாள். தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

தெருவுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். "ஏன் டீச்சர் சொன்னீங்க? இத்தனை தடவை சொல்லிக் குடுத்தேனே, ஏன் சொன்னீங்க?"

அவர் தடியை ஊன்றி நின்று, என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். "கேட்டாங்க. சொன்னேன்" என்றார்.

அப்படியே நாலைந்து வீடுகள் போயின. டிசம்பரில் அவரே சர்ச்சில் சொல்லி, ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துக்கொண்டார். இரண்டு பஸ் மாற வேண்டும். அவரால் ஒரு பஸ்கூட ஏற முடியாது. கிளம்பும் நாளில் அந்த இரண்டு பக்கெட்டுகளையும் என்னிடம் கொடுத்து, "நல்லா இருக்கு, வீணாப் போக வேண்டாம்" என்றார். குறை சொல்லவில்லை. காலண்டரை எடுக்காமல் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனார். நானும் அதைத் தொடவில்லை. வீட்டை இடித்தபோது அதுவும் இடிந்திருக்கும்.

நான் அவரை ஏமாற்றினேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை, தேடித் தேடி அலையவும் செய்தேன், ஆனாலும் ஏமாற்றினேன். இல்லத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை போவதற்குள் இறந்துவிட்டார். கெம்பண்ணாவும் அதற்கு அடுத்த வருஷம் போய்விட்டார்.

இவ்வளவு வீடு விற்றவன் தனக்கென்று ஒன்று வாங்கவில்லையா என்று பவித்ரா கேட்டாள். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். பெங்களூரில் வீட்டு விலை இறங்கும் என்று நம்பிய ஒரே புரோக்கர் நானாகத்தான் இருப்பேன். மனைவி இறந்து நான்கு வருஷமாகிறது. மகள் கோவையில் இருக்கிறாள். வா வா என்கிறாள். எனக்கு இந்த ஊரை விட மனமில்லை.

போன மாதம் மழை விட்டிருந்த ஒரு நாளில் பவித்ரா ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்தாள். கரூர்க்காரர், ஐ.டி. வேலை, கூட மனைவி. "யாராவது கேட்டா நல்ல காத்தோட்டம்னு மட்டும் சொல்லுங்க அங்கிள்" என்று முன்பே போனில் சொல்லியிருந்தாள். மழை வந்தால் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர் கூடத்து மூலையிலும் சமையல்கட்டிலும் இறங்கும். அன்று டீச்சர் கொடுத்த பக்கெட்டுகளை முன்கூட்டியே ஒளித்து வைத்துவிட்டேன். பழைய புத்தி. கரூர்க்காரரின் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களே, வீடு எப்படி?" என்று கேட்டாள்.

காத்தோட்டம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "மழைக்கு அந்த மூலையிலயும் சமையல்கட்டுலயும் ஒழுகும்மா. ரெண்டு பக்கெட் வெக்கணும். இருங்க, கொண்டுவர்றேன்" என்றேன். உள்ளே போய் எடுத்து வந்து, பெரியதைக் கூடத்திலும் சின்னதைச் சமையல்கட்டிலும் வைத்துக் காட்டினேன். பவித்ரா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது. போகட்டும், டீச்சருக்குச் செய்ய வேண்டியதில் ஒரு பங்கையாவது செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். வீடு விற்காது, நானும் இங்கேயே இருக்கலாம் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

ஒரே வாரத்தில் பவித்ரா ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். "அங்கிள், நீங்கதான் வித்துக் குடுத்தீங்க! ஒழுகுதுன்னு நீங்களே சொன்னதும் அவங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சு. வேற எதையும் மறைக்க மாட்டீங்கன்னு விலையைக் கொஞ்சம் குறைச்சுப் பேசி அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. ரிப்பேர் பண்ணி, சின்னச் சின்ன ரூமா தடுத்து, ஐ.டி. பசங்களுக்கு வாடகைக்கு விடப் போறாங்களாம்."

"வாடகைக்குத்தானா? அப்போ நான்..."

"உங்களுக்கு இல்ல அங்கிள்" என்றாள் மெதுவாக. "ஆனா வேற வீடு பார்க்கிறேன். சத்தியமா."

அவள் நிஜமாகவே பார்த்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். நேற்று காக்ஸ் டவுன் பக்கம் ஒரு தரைத்தள வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆட்டோவில் போகும்போது எனக்குப் பாடம் எடுத்தாள். மகள் வந்துபோய் இருப்பாள் என்று சொல்ல வேண்டும். வயசு கேட்டால் அறுபத்திரண்டு என்று சொல்ல வேண்டும். அளக்கும் கருவி மாறிவிட்டது, அந்த எண் மாறவில்லை.

வீட்டுக்காரர் நல்ல மாதிரி. காபி கொடுத்தார். பிறகு கேட்டார். நான் சொன்னேன். அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

தெருவுக்கு வந்ததும் பவித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன் அங்கிள் சொன்னீங்க? அவ்வளவு சொல்லிக் குடுத்தேனே!"

"கேட்டாங்கம்மா. சொன்னேன்" என்றேன்.

காலி செய்ய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களுக்கு ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு தெரிந்தால் பவித்ராவிடம் சொல்லுங்கள். ஒழுகினாலும் பரவாயில்லை, பக்கெட் இருக்கிறது. தனியாள். வயது எழுபத்தொன்று.